மண்ணெண்ணெயில் ஓடிய இயந்திரமும் அரும்பொருட் சந்தையும்

பழைய பொருளொன்றின் விலை ஏறும்போது, அவ்விலை எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்று கேட்பவர் சிலரே. பித்தளைக் குத்துவிளக்கும், கருங்காலிப் பெட்டகமும், பாக்குவெட்டியும் யாழ்ப்பாணத்து வீடுகளிலிருந்து வெளியேறிப் பிறநாட்டு வரவேற்பறைகளுக்குச் சென்றபோதும் இக்கேள்வி உரத்துக் கேட்கப்படவில்லை. இன்று அவ்வரிசையிலே மோட்டார்ச் சைக்கிளும் சேர்ந்துகொண்டிருக்கிறது. இயந்திரத்தைப் பற்றி எழுத இலக்கிய ஏட்டில் என்ன இருக்கிறது என்று வாசகர் சிலர் எண்ணக்கூடும். மனிதன் ஆக்கிய பொருளுக்கும் மனிதனுக்குமுள்ள உறவு எங்கே திரிபடைகிறது என்பது நம்மவர்க்கு அந்நியமான வினாவன்று. அதனை விளக்கின் துணையோடு ஆராயலாம். மோட்டார்ச் சைக்கிளின் துணையோடும் ஆராயலாம். பின்னதிலே புழுதியும் எண்ணெயும் சற்று அதிகம், அவ்வளவே.

எனது வகுப்பிலே பதினோராந் தர மாணவர் சிலர் ஒருநாள் இதுபற்றி வாதிட்டுக்கொண்டிருந்தனர். இன்னும் இருபது முப்பது ஆண்டுகளில் எந்த மோட்டார்ச் சைக்கிள் அரும்பொருளாகி இலட்சக்கணக்கில் விலைபோகும் என்பதே வாதம். ஒருவன் யமஹா ஆர்.எக்ஸ். 100 என்றான். இந்தியாவிலே 1985 முதல் 1996 வரை உற்பத்தியாகி நின்றுபோன அந்த வண்டியை அவன் திரைப்படங்களிலேதான் பெரிதும் கண்டிருப்பான். இன்னொருவன் ஹொண்டா சீ.டீ. 200 என்றான். மற்றொருவன் புதிய றோயல் என்பீல்ட்டைச் சொன்னான். பழமையின் சாயல் பூசப்பட்டுப் பிறக்கும் பொருள் பழமையாக முடியுமா என்று அவனைச் சிலர் மடக்கினர். நல்ல வாதந்தான். ஆயினும் தம் வீட்டுக் கோடியிலே, ஓலைக் கொட்டிலின் மூலையில், இருக்கை கிழிந்து சாய்ந்து கிடக்கும் ஹொண்டா ஐம்பதை ஒருவனும் குறிப்பிடவில்லை. அது அவர்களுடைய கண்ணுக்கு ஒரு பொருளாகவே படவில்லை.

அரும்பொருள் சேர்ப்போரிடம் எழுதப்படாத சட்டமொன்று உண்டு. பொருள் அரிதாயிருக்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வந்த கோலம் குலையாதிருக்க வேண்டும். பெயர்பெற்ற மனிதரொருவரின் நிழல் அதன்மேல் விழுந்திருந்தால் மிக நன்று. இங்கிலாந்தின் நொட்டிங்காம் நகரிலே 1919 முதல் 1940 வரை செய்யப்பட்ட புறூ சுப்பீரியர் இம்மூன்றையும் உடையது. ஏறத்தாழ மூவாயிரம் வண்டிகளே செய்யப்பட்டன. அரேபியப் பாலைவனப் போரினாற் புகழ்பெற்ற லோறன்ஸ் 1935இல் உயிரிழக்கக் காரணமான விபத்திலே செலுத்தியதும் அவ்வகை வண்டியே. அதன் விலையைச் சாதாரண மனிதன் கனவிலும் எண்ண முடியாது.

இச்சட்டத்தினால் அளக்க முடியாத வண்டிகளும் உண்டு. 1952இல் சே குவேராவும் அவர் தோழர் அல்பேர்ட்டோ கிரனாடோவும் தென்னமெரிக்காவைக் காணப் புறப்பட்ட நோர்ட்டன் வண்டி சிலியிலே பழுதுற்று நின்றுபோயிற்று. அதன் பின்னர் அவர்கள் பிறர் வண்டிகளில் இடங்கேட்டும் நடந்தும் சென்றனர். சுரங்கத் தொழிலாளரையும் தொழுநோயாளரையும் நெருங்கிக் கண்டது பெரும்பாலும் அந்தப் பயணப் பகுதியிலேதான். வண்டி பழுதாகாதிருந்திருந்தால் அவர்கள் எவ்வளவைக் கண்டிருப்பார்கள் என்று சில வேளைகளில் நான் எண்ணுவதுண்டு.

இனி ஹொண்டா ஐம்பதுக்கு வருவோம். யப்பானிலே 1958இல் வெளிவந்த சுப்பர் கப் என்னும் இவ்வண்டி வீரர்க்காகவோ செல்வர்க்காகவோ ஆக்கப்பட்டதன்று. போரினால் நொந்த நாட்டிலே சிறு கடைக்காரனும் தபாற்காரனும் வாங்கத்தக்கதாய், ஒரு கையிலே சாப்பாட்டுத் தட்டை ஏந்தியவன் மறு கையால் ஓட்டத்தக்கதாய் அமைய வேண்டும் என்பது அதனை ஆக்கியோரின் நோக்கம். ஆகவே இடக்கையாற் பிடிக்கும் கிளச்சை நீக்கி, தானே இயங்கும் கிளச்சை வைத்தனர். சேறு தெறிக்காதபடி காலுக்கு முன்னே பிளாஸ்ரிக் தடுப்பு அமைத்தனர். பெண்களும் இலகுவாக ஏறியமரத்தக்கதாய் நடுச்சட்டத்தைத் தாழ்த்தினர். 2017இல் இவ்வண்டியின் மொத்த உற்பத்தி பத்துக் கோடியைக் கடந்தது. இயந்திர வாகனங்களில் வேறெதுவும் இத்தொகையை எட்டியதில்லை. மூவாயிரத்துக்கும் பத்துக் கோடிக்கும் இடையிலே அருமை என்ற சொல்லுக்கு என்ன பொருள்? விநோதம் யாதெனில், ஐம்பது சீ.சீ. சுப்பர் கப்பின் உற்பத்தி 2025இல் யப்பானில் நிறுத்தப்பட்டதும், எங்கும் நிறைந்திருந்த அதுவும் அரிய பொருள் என்ற பட்டத்தை நோக்கி நகரத் தொடங்கிவிட்டது.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே இவ்வண்டிக்கு வேறொரு வரலாறு உண்டு. 1990 யூன் மாதம் மீண்டும் போர் மூண்டபின் வடக்கின்மீது பொருளாதாரத் தடை இறுகியது. யாழ்தேவி நின்றது, மின்சாரம் நின்றது, பெற்றோல் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. மண்ணெண்ணெய் மட்டுப்பட்ட அளவிலே, பன்மடங்கு விலையிலே கிடைத்தது. சைக்கிள் டைனமோவைக் கையாற் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. அக்காலத்திலே ஹொண்டா ஐம்பதும், எம்.டீ. 90உம், ஒஸ்ரின் ஏ. 40 கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. இதை இன்று கேட்கும் இளைஞர் சிரிக்கின்றனர். பெற்றோல் இயந்திரத்தை மண்ணெண்ணெயில் ஓட்டுவது விளையாட்டன்று.

பெற்றோல் குளிரிலும் ஆவியாகும், மண்ணெண்ணெய் ஆகாது. எனவே குளிர்ந்த இயந்திரம் மண்ணெண்ணெயில் உயிர்பெறாது. சிறு போத்தலொன்றிலே மருந்துபோலக் காத்துவைத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றரினுள் விட்டு, உதைத்து, இயந்திரம் சூடேறும்வரை அதனை அணையவிடாது பிடித்து, பின்னரே மண்ணெண்ணெயைத் திறக்க வேண்டும். சந்தியிலே வண்டி நின்றுவிட்டால் மீண்டும் அந்தப் போத்தலைத் தேட வேண்டும். அத்தோடு முடிந்துவிடவில்லை. அழுத்தத்தைத் தாங்கும் ஆற்றல் மண்ணெண்ணெய்க்குக் குறைவாதலின் இயந்திரம் தட்டும். அதனைத் தவிர்க்கச் சிலிண்டருக்கும் அதன் தலைக்கும் இடையிலுள்ள கஸ்கெற்றைத் தடிப்பாக்கி அழுத்தத்தைக் குறைப்பது ஒரு வழி. பிளக்கிலே கரி படியும். கழற்றித் துடைத்து மீண்டும் பூட்ட வேண்டும். முற்றாக எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதனை நீர்க்கச் செய்யும். எண்ணெய் நீர்த்தால் உட்பாகங்கள் தேயும். தேய்ந்த பாகத்துக்கு மாற்றுப் பாகம் கொழும்பிலிருந்து வராது. லேத் பட்டறையிலே இருந்த இரும்பைக் கடைந்து பொருத்த வேண்டும், அல்லது இறந்த வண்டியிலிருந்து எடுத்து வாழும் வண்டிக்குப் பூட்ட வேண்டும்.

இவற்றை எந்த நூலிலிருந்தும் எவரும் படிக்கவில்லை. பள்ளிப் படிப்பு அதிகமில்லாத கராஜ்காரர் காதாற் கேட்டு, கையாற் தொட்டு, தவறவிட்டுத் திருத்திக் கண்டுபிடித்தனர். ஒருவர் கண்டது பத்து நாளில் ஊர் முழுவதும் பரவியது. எவரும் அதற்கு உரிமை கொண்டாடவில்லை. பல்கலைக்கழகங்கள் ஆராய்ச்சி என்று அழைப்பது இதுவே என்பேன். 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு, இலட்சக்கணக்கான மக்கள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையிலே நெருக்குண்டு நகர்ந்தபோது, அந்நெரிசலிலே இத்தகைய வண்டிகளும் இருந்தன. முதியவரையோ, அரிசி மூட்டையையோ, இரண்டையுமோ சுமந்து அவை தள்ளிச் செல்லப்பட்டன.

இப்பொழுது அரும்பொருட் சந்தையின் சட்டத்தை இவ்வண்டியின்மேல் வைத்துப் பாருங்கள். காபரேற்றர் மாற்றப்பட்டது, கஸ்கெற் மாற்றப்பட்டது, தாங்கி ஒட்டப்பட்டது, நிறம் மூன்று முறை பூசப்பட்டது, ஒரு பாகம் மற்றொரு வண்டிக்குரியது. ஆகவே இது அசலன்று, ஒன்றுக்கும் உதவாதது என்று சந்தை கூறும். வாங்குபவன் வாங்கினாலும் முதலிற் செய்வது யாது? கடைந்து பூட்டியவற்றைக் கழற்றி எறிகிறான். யப்பானிலிருந்தோ தாய்லாந்திலிருந்தோ புதிய பாகங்களை வரவழைத்துப் பூட்டுகிறான். 1960களிலே தொழிற்சாலை வாயிலில் நின்ற கோலத்துக்கு அதனைத் திருப்புகிறான். இதற்குப் பெயர் மீளமைப்பு. முப்பது ஆண்டுக் கால மனித உழைப்பு முழுவதும் இவ்வாறு அழுக்கென்று துடைக்கப்பட, தொழிற்சாலையின் ஒருநாள் உழைப்பு மட்டும் உண்மை என்று எஞ்சுகிறது. பயன்பெறுமதி வேறு, மாற்றுப்பெறுமதி வேறு என்று அரசியற் பொருளாதாரம் படித்தோர் அறிவர். இங்கோ பயன்பட்டமையே குற்றமாகி, அதற்குத் தண்டமாக விலை குறைக்கப்படுகிறது. ஒருநாளும் மழையில் நனையாத வண்டியே சந்தைக்கு உத்தமமானது.

பாகங்கள் யாவும் மாறிவிட்டால் அது பழைய வண்டிதானா என்று கேட்பது நியாயமே. இக்கேள்வி நம் பிராந்தியத்துக்குப் புதிதன்று. மிலிந்த மன்னனும் நாகசேனத் தேரரும் உரையாடுவதாக அமைந்த பாளி நூலிலே, அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று தேரர் ஒவ்வொன்றாய்க் கேட்க, மன்னன் ஒவ்வொன்றையும் மறுக்கிறான். பாகங்கள் கூடிய கூட்டத்துக்கு நாம் வழங்கும் பெயரே தேர் என்ற முடிவு அங்கே பெறப்படுகிறது. எனக்கு இம்முடிவு போதவில்லை. தேரை ஓட்டியவனும் அதன் அச்சை மாற்றிய தச்சனும் அவ்வுரையாடலிலே இடம்பெறவில்லை. அவர்களையும் சேர்த்தாற்றான் தேர் எது என்பது விளங்கும்.

அசல் என்ற சொல்லின் உள்ளே வேறொன்றும் ஒளிந்திருக்கிறது. பழைய இலக்கத்தகடு வண்டியின் அசற்தன்மைக்குச் சான்று என்பர். இந்நாட்டிலே 1957 முதல் வாகன இலக்கத்தகடுகளில் சிங்கள ஸ்ரீ எழுத்துப் புகுத்தப்பட்டது. அதற்கெதிராகத் தமிழரசுக் கட்சி நடத்திய இயக்கத்தின்போது தமிழ் ஸ்ரீயைப் பொறித்தோர் தண்டிக்கப்பட்டனர். சிங்கள எழுத்தின்மீது தார் பூசப்பட்டது. 1958 ஏப்பிரலிலே பண்டா - செல்வா ஒப்பந்தம் கிழிந்தது. அடுத்த மாதம் இரத்தம் சிந்தியது. தார் பூசப்பட்ட தகடொன்று இன்று அகப்படுமாயின், சேர்ப்பவன் அத்தாரை மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்துவிடுவான். எது அசல்? எழுத்தா, தாரா? எழுத்தைப் புகுத்தியோர்க்கும் வரலாறுண்டு, தார் பூசியோர்க்கும் வரலாறுண்டு. அத்தகட்டைப் பேணுவதாயின் இரண்டோடும் பேண வேண்டும் என்பதே என் எண்ணம்.

இவ்விடத்திலே ஆனந்த குமாரசுவாமியை நினைவுகூர்தல் தகும். 1877இல் கொழும்பிலே பிறந்து, 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலையைப் பற்றிய பெருநூலை வெளியிட்டவர் அவர். அந்நூல், கலைஞரும் சோஷலிசவாதியுமான வில்லியம் மொறிஸின் அச்சுப்பொறியிலே அச்சேறியது என்பது நம்மவர் அறிந்து மகிழத்தக்க செய்தி. 1917 முதல் பொஸ்ரன் நகர அரும்பொருட்சாலையிலே பணியாற்றிய இவரே, கலைப்பொருள்களை ஏன் காட்சிக்கு வைக்கிறோம் என்ற வினாவை 1943இல் வெளிவந்த தமது கட்டுரைத் தொகுதியிலே எழுப்பினார். அரும்பொருட்சாலையிலுள்ளவை அங்கே வைப்பதற்காக ஆக்கப்பட்டவையல்ல, வாழ்வின் தேவைக்காக ஆக்கப்பட்டவை என்பது அவருடைய அடிப்படைக் கருத்து. தேவையை மறந்து அழகை மட்டும் சுவைப்பவன் பொருளை விளங்கிக்கொள்ளவில்லை என்றும் அவர் கருதினார். அவருடைய பழமைப் பற்றையும், வருணப் பிரிவின்மேல் அவர் கொண்ட பரிவையும் நாம் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் இவ்விடயத்திலே அவர் நம் பக்கம் நிற்கிறார்.

சேர்ப்போரை முற்றாகப் பழித்துவிடவும் இயலாது. 2009இன் பின் குடாநாட்டிலும் வன்னியிலும் பழைய இரும்பு நிறுத்து வாங்கப்பட்டு லொறி லொறியாகத் தெற்கே சென்றது. அவற்றோடு எத்தனையோ வண்டிகளும் உருக்குலைக்குப் போயின. எவரேனும் ஒருவர் ஆசையால் வாங்கியிருந்தால் அவற்றிற் சில தப்பியிருக்கும். கனடாவிலோ இலண்டனிலோ வாழும் ஒருவர் தம் தந்தையார் ஓட்டிய வகை வண்டியொன்றைப் பெருவிலை கொடுத்து வாங்கி, கோடை விடுமுறைக்கு வந்து உரும்பிராய் வீதியிலே ஓட்டுவாராயின், அதிலே நான் ஏளனத்துக்கு இடங்காணேன். ஆனால் அவர் கொடுக்கும் விலை ஊரிலே நிலையான விலையாகிவிடும்போது, அதே வண்டியிலே மரக்கறி கட்டிச் சுன்னாகம் சந்தைக்குச் செல்லும் தோட்டக்காரர் அடுத்த வண்டியை எங்ஙனம் வாங்குவார்?

இது கற்பனையன்று. 2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 வரை தனியார் வாகனங்கள் பொதுவாக வராதிருந்த காலத்திலே, பாவித்த வண்டிகள் புதிய வண்டிகளின் பழைய விலையைத் தாண்டின. ஒரு மணிநேர உழைப்பும் அவற்றின்மேற் சேரவில்லை. வர்த்தமானியிலே ஒரு பக்கம் அச்சிடப்பட்டது, அவ்வளவே. 2022 யூலையிலே கியூ.ஆர். அட்டைமூலம் மோட்டார்ச் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் என்று வரையறுக்கப்பட்டபோது, குறைந்த எண்ணெயில் நெடுந்தூரம் செல்லும் பழைய ஐம்பதுகளைக் கொட்டிலிலிருந்து இழுத்துத் துடைத்தோர் பலர். அவ்வேளை அவற்றுக்கு ஏற்பட்ட மதிப்பு நேர்மையானது, பயனிலிருந்து பிறந்தது.

மற்றுமோர் அபாயத்தையும் இங்கே சுட்டியாதல் வேண்டும். மண்ணெண்ணெய்க் காலத்தை இன்று நாம் ஒருவித இனிமையோடு பேசப் பழகிவிட்டோம். அக்காலத்து மனிதர் எவ்வளவு கெட்டிக்காரர் என்று வியக்கிறோம்; அவர்கள் கெட்டிக்காரரே. ஆயினும் அக்கெட்டித்தனத்தை அவர்கள் விரும்பித் தேடவில்லை. அவ்வண்டிகளின் புகை கண்ணை எரித்தது. பின்னால் அமர்ந்து சென்ற குழந்தைகள் அதனைச் சுவாசித்தனர். வண்டி இடைவழியிலே நின்றமையால் வைத்தியசாலைக்கு நேரத்துக்குச் சென்று சேராத நோயாளரும் இருந்திருப்பர். துன்பத்தைக் கண்ணாடிப் பெட்டியிலே வைத்து ஒளியூட்டினால் அது அழகாகத் தோன்றும். தடையை விதித்தவன் யார் என்ற கேள்வி அந்த ஒளியிலே மறைந்துபோகும்.

அப்படியாயின் எதிர்காலத்திலே எந்த வண்டி பேணப்படல் வேண்டும் என்று என் மாணவர் என்னையே கேட்டனர். சந்தையின் தீர்ப்பு எதுவோ, என் தெரிவு வேறு. ஹொண்டா சாலி என்னும் சிறு வண்டியையும், அதன்பின் வந்த ரீ.வீ.எஸ். ஸ்கூற்றி பெப்பையும் கூறினேன். பையன்கள் சிரித்தனர்; பெண்பிள்ளைகள் சிரிக்கவில்லை. இவ்விரண்டுக்கும் வேகமில்லை, முழக்கமில்லை, வீரனொருவன் அவற்றிலே ஏறித் திரையில் வந்ததில்லை. ஆயினும் சைக்கிளிலும் பிறர் தயவிலும் தங்கியிருந்த நம் பெண்கள் ஆசிரியைகளாகவும், தாதியராகவும், குடும்ப நல உத்தியோகத்தராகவும் தாமே சாவியைத் திருகிப் புறப்பட்டது இவற்றிலேதான். போரிலே கணவனை இழந்தவள் பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டுத் தையற் கடைக்குப் போவதும் இதிலேதான். லீசிங் தவணை தவறிய மாதத்திலே முற்றத்திலிருந்து எடுத்துச் செல்லப்பட்டதும் பல வீடுகளில் இதுவேதான். ஒரு சமூகத்தின் அசைவை இதனைவிட நன்கு காட்டும் இயந்திரத்தை நான் அறியேன். இலட்சக்கணக்கில் வெளிவந்தமையால் இதனை ஒருவரும் சேர்க்கமாட்டார். எல்லாமே தேய்ந்து பழைய இரும்பான பிறகு, மிஞ்சிய ஒன்று திடீரென அரும்பொருளாகும்.

நாவலர் வீதியிலுள்ள தொல்பொருட்காட்சிச்சாலையிலே பழஞ் சிற்பங்களையும் பழம் பாத்திரங்களையும் காண்கிறோம். அவை அங்கே இருக்கட்டும். ஹொண்டா ஐம்பதையும் ஒருநாள் அங்கே வைப்பதாயின், மீளமைக்கப்பட்டதை அல்ல, ஒட்டுப்போட்ட ஒன்றை, அதன் ஒட்டுகளோடும் கரியோடும் வைக்கும்படி கேட்பேன். ஆயினும் வண்டியை வைப்பது இரண்டாவது வேலை. மண்ணெண்ணெயில் இயந்திரத்தை இயக்கிய கராஜ்காரர் பலர் இன்று அறுபதையும் எழுபதையும் கடந்துவிட்டனர். சிலருக்குக் கை நடுங்குகிறது. சிலர் கராஜை மூடிவிட்டனர். தொழினுட்பப் பாடம் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்கள் ஒரு விடுமுறைக் காலத்தை இதற்கென ஒதுக்கலாம். மாணவர் இருவர் இருவராகச் சென்று அம்முதியவரோடு அமர்ந்து, கஸ்கெற்றை எதனால் வெட்டினார்கள், எத்தனை படை வைத்தார்கள், காபரேற்றரின் எந்தத் துவாரத்தை எவ்வளவு பெருப்பித்தார்கள், முதலில் யாரிடம் கற்றார்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதிவர வேண்டும். அளவுகளை மில்லிமீற்றரிலே குறித்துக்கொள்ளுதல் நலம். அவர்களிற் பலர் நூலளவிலேயே சொல்வர், அதனையும் பக்கத்திலே எழுதி வைக்கலாம்.